இரண்டு தென்னந்துடைப்பங்களும் முப்பத்தேழு என்ற எண்ணும்: என் பி.எட். பயிற்சி வாரங்கள்

வணக்கம், அன்பு நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து, வழக்கம்போல் எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் அமர்ந்து பேசுகிறேன். இன்று என் தேர்வு அட்டவணையைப் பற்றிப் பேசுவதாகச் சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன். அதை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கிறேன், ஏனென்றால் நேற்று மெர்பேங்கில் ஒரு நிச்சயதார்த்த விருந்தில் கேட்ட கேள்வி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. பெரியம்மா முறையுள்ள ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேறு எதற்கும் மதிப்பெண் போதவில்லையா, கண்ணு? சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுக்க நான்கு வருடப் படிப்பு எதற்கு?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். பெரியவர் என்பதால் அங்கே நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும் நேயர்கள் ஒவ்வொரு காணொளிக்குக் கீழும் இதைக் கேட்கிறார்கள். அங்கே பி.எட். என்பது ஒரு பட்டத்தை முடித்த பிறகு படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு. இங்கே தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் நேராகச் சேரும் நான்காண்டு இளநிலைப் பட்டமே பி.எட். ஆகும். அதன் அளவு 480 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக மொத்தம் 4800 மணி நேரம். வேறு பட்டம் முடித்தவர்கள் ஓராண்டு மேற்பட்டச் சான்றிதழ் வழியாகவும் ஆசிரியராக வரலாம் என்றாலும், எனக்குச் சிறு குழந்தைகளோடுதான் இருக்க வேண்டும் என்ற உறுதி முன்பே இருந்ததால், ஆயத்த வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான அடித்தள நிலையைத் தேர்ந்தெடுத்தேன். நான் இப்போது இரண்டாம் ஆண்டு மாணவி.

அந்த நான்காண்டுகளில் இருபது முதல் முப்பத்திரண்டு வாரங்கள் வரை ஒரு பள்ளியில் நின்று, மேற்பார்வையோடும் மதிப்பீட்டோடும் பாடம் நடத்த வேண்டும் என்று ஆசிரியர் கல்வித் தகுதிகளுக்கான தேசியக் கொள்கை சொல்கிறது. அது 2011-இல் வந்து 2015-இல் திருத்தப்பட்டது. அப்படி நான் சென்ற மாதம் இரண்டாம் வகுப்பில் நின்ற வாரங்களில் நடந்ததுதான் பெரியம்மாவுக்கு என் பதில்.

நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 99 வரையுள்ள எண்களின் இடமதிப்பைக் கற்க வேண்டும். முதல் வாரம் நான் கரும்பலகையில் பத்துகளுக்கு ஒரு கட்டமும் ஒன்றுகளுக்கு ஒரு கட்டமும் வரைந்து, மிகத் தெளிவாக விளக்கிவிட்டதாக நம்பினேன். முப்பத்தெட்டுக் குழந்தைகளும் தலையசைத்தார்கள். பிறகு நான் ஆங்கிலத்தில் "தர்ட்டி செவன்" என்று சொல்லி எழுதச் சொன்னபோது, முதல் வரிசையில் இருந்த சிறுவன் 307 என்று எழுதினான். அவன் கவனக்குறைவாக எழுதவில்லை. கேட்டதை அப்படியே எழுதினான். முப்பதுக்கு 30, ஏழுக்கு 7, இரண்டையும் சேர்த்தால் 307. அவனுக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி பதின்மூன்றை 31 என்று எழுதியிருந்தாள். இரண்டும் தவறுதான், ஆனால் இரண்டின் வேர்களும் வேறு. அதைப் பிரித்தறிவதற்குத்தான் படிப்பு வேண்டும். ஒரு பாடத்தை அறிந்திருப்பது வேறு, அது கற்பவரின் மனத்தில் எங்கே சிக்கும் என்பதை அறிந்திருப்பது வேறு என்று அமெரிக்கக் கல்வி அறிஞர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதியதை முதலாண்டுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அந்த 307-ஐப் பார்த்த நிமிடத்தில்தான் அது எனக்குப் புரிந்தது.

எண்ணிக் கட்டாகக் கட்டுவதற்குக் குச்சிகள் வேண்டும் என்று முடிவு செய்தேன். இனி விலைக்கு வருகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு பயிற்சி மாணவரின் பணப்பையும் இங்கேதான் காலியாகிறது. எட்டுக் குழுக்கள், ஒரு குழுவுக்கு 99 குச்சிகள், மொத்தம் 792. காகித ஸ்ட்ரா நூறு கொண்ட பொட்டலம் ஒன்று 48 ராண்ட் என்றார்கள். எட்டுப் பொட்டலங்களுக்கு 384 ராண்ட்! ஒரே ஒரு பாடத்துக்கு, அதுவும் இரண்டே நாளில் நைந்துபோகும் பொருளுக்கு, ஒரு மாணவி 384 ராண்ட் செலவழிக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வண்ண வண்ணமாகக் கடையில் வாங்கும் கற்பித்தல் கருவிகள் மீது எனக்கு என்றுமே விருப்பம் இருந்ததில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

வழி சொன்னவர் என் ஆயா, அதாவது பாட்டி. "ஊரில் நாங்கள் ஈர்க்குச்சியை வைத்துத்தானே எண்ணினோம்" என்றார். சனிக்கிழமை காலை எங்கள் சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் சந்தை என்று அழைக்கப்படும் சந்தைக்குப் போய், புதிய தென்னந்துடைப்பம் இரண்டு, ஒன்று 35 ராண்ட் வீதம் வாங்கினேன். ஒன்றில் 143 ஈர்க்குகள், மற்றதில் 138, நானே எண்ணினேன். ஒவ்வொன்றையும் கழுவிக் காயவைத்து, மூன்று துண்டாக வெட்டினால் 843 குச்சிகள். தேவைக்கு மேல் 51! நுனிகள் குழந்தைகளின் விரலைக் குத்தக் கூடாது என்பதால், ஆயாவும் நானும் இரண்டு மாலைகள் உட்கார்ந்து உப்புத்தாளில் தேய்த்தோம். மொத்தச் செலவு 70 ராண்ட். இல்லை, மன்னிக்க வேண்டும், ரப்பர் பேண்டை விட்டுவிட்டேன். ஒரு குழுவுக்கு ஒன்பது கட்டுகள் என்றால் 72 வேண்டும், அந்தப் பொட்டலம் 18 ராண்ட். ஆக 88 ராண்ட். மீதமான 296 ராண்டில் பயிற்சி முடியும் வரையிலான என் டாக்சிக் கட்டணம் அடங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை குச்சிகளை எடுத்துச் சென்றேன். பத்தை எண்ணிக் கட்டும்போது அறையே அமைதியானது. மூன்று கட்டுகளும் ஏழு தனிக் குச்சிகளும் எல்லா மேசைகளிலும் சரியாக இருந்தன, ஆனால் அந்தச் சிறுவன் நோட்டில் மறுபடியும் 307 என்றே எழுதினான். குச்சி அவனுக்குப் புரிந்துவிட்டது, எழுத்துதான் புரியவில்லை. அங்கே நான் முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை மறந்துவிட்டேன்: இந்நாட்டு வகுப்பறைகளில் ஃப்ளார்ட் அட்டைகள் என்று ஒரு கருவி உண்டு. 30 என்று எழுதிய நீண்ட அட்டையின் மேல் 7 என்று எழுதிய குட்டி அட்டையை வலப்பக்கம் ஒட்டினாற்போல் வைத்தால் 37 தெரியும். பழைய தானியப் பெட்டி அட்டையில் அவற்றை வெட்டி வியாழக்கிழமை கொடுத்தேன். அவன் அந்த 7 அட்டையைத் தூக்கிப் பார்த்தான், வைத்தான், மீண்டும் தூக்கினான். பிறகு, "மேம், சுழியம் எங்கேயும் போகவில்லை, ஏழுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது" என்றான். நான் பாடக்குறிப்பேட்டில் அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பின் பொறுப்பாசிரியை அதன் பக்கத்தில் தேதியிட்டுக் கையொப்பமிட்டார்.

பதின்மூன்றை 31 என்று எழுதிய சிறுமிக்கு வருகிறேன். அவளுக்கு உதவியது வேறொன்று. ஆங்கிலத்தில் "தர்ட்டீன்" என்னும்போது மூன்று முதலில் காதில் விழுகிறது, பத்து பின்னால் வருகிறது. கேட்ட வரிசையில் எழுதினால் 31 வருவது இயல்பே. தமிழில் பதின்மூன்று என்கிறோம், பத்துதான் முன்னால். இங்குள்ள ஜூலு மொழியிலும் அப்படித்தான்: பத்துக்கு இஷூமி என்பார்கள், பதின்மூன்றுக்குப் "பத்தும் மூன்றும்" என்ற வரிசையில் சொல்வார்கள், முப்பத்தேழு என்பது அமாஷூமி (பத்துகள்) மூன்று, அதனோடு ஏழு. அந்தச் சிறுமியின் வீட்டு மொழி ஜூலு. "உன் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். அவள் சொல்லிக்கொண்டே பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை முதலில் வைத்து, மூன்று குச்சிகளை அடுத்து வைத்து, 13 என்று எழுதினாள். ஆசிரியராகப் போகிறவர் ஓர் ஆப்பிரிக்க மொழியிலோ தென்னாப்பிரிக்கச் சைகை மொழியிலோ உரையாடும் அளவுக்காவது தேற வேண்டும் என்று அதே கொள்கை கேட்கிறது. முதலாண்டில் ஜூலு பாடம் சுமையாக இருக்கிறது என்று முன்பு ஒரு காணொளியில் நான் குறைபட்டிருந்தேன். அந்தச் சொல்லை இன்று முழு மனத்தோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பலர் உதவித்தொகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2007 முதல் ஃபுன்சா லுஷாகா என்ற அரசு உதவித்தொகை இருக்கிறது. வெண்டா மொழியில் அதற்கு "தேசத்துக்குக் கற்பி" என்று பொருள். எத்தனை ஆண்டு பணம் பெறுகிறோமோ அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் பணியாற்ற வேண்டும். அந்த நிபந்தனை எனக்குப் பிடித்த நிபந்தனை.

பெரியம்மாவுக்கு இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி 1927-இல் இந்திய அரசின் பிரதிநிதியான முகவராக இங்கே வந்தபோது, நம் பிள்ளைகளுக்கு மேல்நிலைக் கல்வியும் ஆசிரியர் பயிற்சியும் ஒருங்கே தரும் ஒரு கல்லூரிக்காக ஊர் ஊராகப் பணம் திரட்டினார். டர்பனில் அவர் பெயரிலேயே அந்தச் சாஸ்திரி கல்லூரி எழுந்தது. இங்கிருந்த நம் மக்கள் பணம் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல, பயின்று தேர்ந்த ஆசிரியர் வேண்டும் என்பது அவர்கள் கேட்டுக் கட்டிய ஒன்று.

குச்சிகள் இப்போது அந்த வகுப்பிலேயே இருக்கின்றன. பொறுப்பாசிரியை கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த பயிற்சியில் எனக்கு மூன்றாம் வகுப்பு, அங்கே 999 வரை போக வேண்டும். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் தாங்குமா, சணல் கயிறு வேண்டுமா என்று ஆயாவும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு குழுவுக்கு மட்டும் செய்வதானாலும் துடைப்பம் மூன்று வேண்டியிருக்கும். சனிக்கிழமை சந்தைக்குப் போகிறேன். விலையை அடுத்த காணொளியில் சொல்கிறேன்.