உப்புக் காற்று தின்ற பிரேக் பைப்

வணக்கம். என் கையிலிருக்கும் இந்தக் குழாயைப் பாருங்கள். தூத்துக்குடியில் ஓடிய ஒரு மாருதி 800-இன் அடியிலிருந்து இன்று காலை கழற்றியது. மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கிளிப் பிடித்திருந்த இந்த ஒரு விரற்கடை மட்டும் அரித்துப் போயிருக்கிறது. கிளிப்புக்குள் ஈரமும் உப்பும் தங்கிவிடும்; வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நகத்தால் சுரண்டியதும் பிரேக் ஆயில் கசிந்தது.

புதிதாக எதைப் போடுவது? ஏசி வேலைக்கு வாங்கும் செம்புக் குழாய் கையிலேயே வளையும் என்று சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். வண்டியின் அதிர்வில் தனிச் செம்பு இறுகி, ஒருநாள் விரிசல் விடும். வேகமாக மிதிக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தம், லாரி டயர் காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்கைத் தொடும். எஃகுக் குழாய் உறுதியானதுதான், ஆனால் கடற்கரை ஊரில் மறுபடி துருப்பிடிக்கும். எனவே நான் எடுத்திருப்பது பத்தில் ஒரு பங்கு நிக்கல் சேர்ந்த செம்புக் கலவைக் குழாய், வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர். வால்வோ நிறுவனம் 1976-லேயே இதற்கு மாறிவிட்டது.

பழைய குழாயைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் அச்சு. அதன் வளைவுகளோடு ஒரு கட்டுக்கம்பியை ஒட்டிப் படியவைத்து, பிறகு நிமிர்த்தினால் நீளம் கிடைத்துவிடும். ரம்பத்தால் அறுக்காமல் குழாய் கட்டரால் வெட்டுங்கள். உலோகத்தூள் உள்ளே போனால் பிரேக் சிலிண்டர் ரப்பர் கிழியும். விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நட்டை முதலில் கோத்துவிட்டுத்தான் முனையை விரிக்க வேண்டும். பழைய முனை குமிழ் வடிவமா, இரட்டை மடிப்பா என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று சேராது, எவ்வளவு முறுக்கினாலும் கசியும்.

ஒரு முனையை விரித்தாயிற்று. இனி வளைக்கிறேன். நட்டுக்கு அருகே சிறிது தூரம் நேராக விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நட் நகராது. வளைப்பானில் மெதுவாக, ஒரே இழுப்பில். இதோ, வட்டம் குலையவில்லை. நசுங்கியிருந்தால் அந்தத் துண்டை நிமிர்த்திப் பயன்படுத்தவே கூடாது. மறுமுனையை வளைத்த பிறகே விரிப்பேன்.

குழாயை மாட்டி, பிரேக் ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியே எடுத்தாகிவிட்டது. பெடலை அழுத்திப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு நட்டைச் சுற்றி வெள்ளைத் தாளை வைக்கிறேன். தாள் நனையவில்லை.