செத்து மிதக்காத மீன்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"வயலுக்கு மருந்து அடிச்சோம், பக்கத்துக் குளத்துல ஒரு மீன்கூடச் சாகலையே" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். செத்த மீன் மிதக்கும், கண்ணில் படும். பிறக்காமல் போன குஞ்சு எங்கே மிதக்கும்? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், சினை பிடிப்பது எப்படி என்று பார்ப்போம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது ரத்தத்தோடு ஈரலுக்குப் போகிறது. மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதத்தைச் செய்வது சினைப்பை அல்ல, ஈரல். ஈரல் செய்து அனுப்புவதை முட்டைகள் உறிஞ்சிப் பருக்கின்றன. மூளை, சினைப்பை, ஈரல் மூன்றில் எது தடுமாறினாலும் முட்டை பாதியில் நின்று சினைப்பைக்குள்ளேயே கரைந்துவிடும். மீன் வழக்கம்போல நீந்திக்கொண்டுதான் இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

ஆண் மீனின் ஈரலுக்கும் அந்தப் புரதத்தைச் செய்யத் தெரியும். ஈஸ்ட்ரோஜன் போதாததால் சும்மா இருக்கிறது. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்துக் கலவையில் இருக்கும் ஒரு வகை, ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடிக்கும். அதை நம்பி ஆண் மீனின் ஈரலும் முட்டைப் புரதம் செய்யக் கிளம்பிவிடும். ஆணின் ரத்தத்தில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது இன்று ஒரு முக்கியமான சோதனை.

டிடிடி என்றதும் ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் போக முடியவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஜார்ஜ் ஏரி என்று ஒன்று உண்டு. 1950களில் அந்த ஏரியைச் சுற்றிப் பூச்சிகளை ஒழிக்க டிடிடி தெளித்தார்கள். ஏரியின் டிரவுட் மீன்கள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. அவற்றின் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். முட்டை பொரிந்தது, குஞ்சும் வந்தது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு உள்ள பை தீர்ந்து, இனி வாயால் இரை எடுக்க வேண்டும் என்ற கட்டத்தில் குஞ்சுகள் கூட்டமாகச் செத்தன. காரணம் 1964இல் வெளியானது. டிடிடி கொழுப்பில் தங்கும் பொருள். தாய் அதை மஞ்சள் கருவோடு முட்டைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டது. குஞ்சு கடைசிக் கொழுப்பைக் கரைத்தபோது விஷம் மொத்தமும் அதன் உடம்பில் ஏறியது. தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மறுபடி சொல்கிறேன், தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது அடிக்கும் மருந்துகள் அத்தனை காலம் தங்குவதில்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தின் 10 சதவீதக் கரைசல் 10 மில்லியில் மருந்து ஒரு கிராம். அது அந்தக் குளம் முழுக்கக் கலந்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். பல மீன் இனங்களில் நான்கு நாளில் பாதியைக் கொல்லும் அளவே லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். கொஞ்ச நாளில் சேற்றில் ஒட்டி அளவு குறையும், சரி. முட்டையிடுவதும் அந்தக் கொஞ்ச நாளுக்குள்தானே நடக்கிறது!

கொல்லாத அளவு என்ன செய்யும்? முட்டையிடத் தயாரான பெண் சால்மன், தண்ணீரில் ஒரு வாசனையை விடும். அதை மோந்ததும் ஆணின் உடம்பில் ஹார்மோன் ஏறி, விந்து பெருகும். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான சைபர்மெத்ரின் இருந்தாலே ஆணின் மூக்கு மங்கிவிடுகிறது என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. பெண் அருகிலேயே இருக்கும், ஆணுக்குச் சேதி போய்ச் சேராது. அதுவும் போக, பல நன்னீர் மீன்களின் விந்தணு தண்ணீர் பட்டபின் நீந்துவது ஏறக்குறைய ஒரே நிமிடம். அதற்குள் முட்டையில் இருக்கும் ஒரே துளையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சில விஷயங்கள். பல கெண்டை இனங்கள் புதுவெள்ளத்தில்தான் முட்டையிடும். நேற்று அடித்த மருந்தை அடித்துக்கொண்டு வருவதும் அதே வெள்ளம். மழை வருகிற மாதிரி இருந்தால் தெளிப்பைத் தள்ளிப் போடுங்கள். காற்று குளத்துப் பக்கம் வீசும்போது கரையோர வரிசைகளை விட்டுவிடுங்கள். தொட்டியில் தண்ணீர் பிடிக்கும்போது குழாய் முனை மருந்துக் கலவைக்குள் முங்கக் கூடாது. மோட்டார் நின்றால் கலவை திரும்ப வாய்க்காலுக்குப் போய்விடும். காலி புட்டியை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, அதே பயிருக்கு அடித்துவிடுங்கள். தெளிப்பானைக் குளத்துப் படியில் கழுவ வேண்டாம். வணக்கம்.