முட்டி ஜவ்வு கிழிஞ்சா: வலி போன பிறகுதான் கவனம் வேணும்

(காட்சி: மழை விட்ட சிவாஜிநகர் ரோடு. ஸ்கூட்டர் வழுக்குகிறது. தாங்கிப் பிடிக்க ஒரு கால் தரையில் ஊன்றும் இடத்தில் படம் நிற்கிறது.)

பாதம் ரோட்டுல பதிஞ்சிருக்கு, உடம்பு மட்டும் திரும்புது. முட்டிக்குள்ள 'டப்'னு ஒரு சத்தம். பெங்களூரு பள்ளத்துல வண்டி ஓட்டுறவருக்கும் சரி, அல்சூர் கௌதமபுரத்துல ஃபுட்பால் ஆடுற பையனுக்கும் சரி, அடி படுற விதம் இதேதான். ரெண்டு மணி நேரத்துக்குள்ள முட்டி நல்லா வீங்கிட்டா, பெரும்பாலும் உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும். அப்போ முதல்ல சந்தேகப்பட வேண்டியது, முட்டிக்கு நடுவுல இருக்கிற ஏ.சி.எல்.ங்கிற ஜவ்வு கிழிஞ்சிருக்கான்னுதான்.

தமிழ்ல நாம எல்லாத்தையும் 'ஜவ்வு'ன்னு சொல்லிடுறோம். அதுலதான் பாதி குழப்பம். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டுறது லிகமென்ட். நடுவுல மெத்தை மாதிரி உட்கார்ந்திருக்கிறது மெனிஸ்கஸ். வைத்தியம் வேற வேற. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்ததும் "எந்த ஜவ்வு?"ன்னு கேளுங்க. முட்டி பாதியில பூட்டிக்கிட்டு நீட்டவே வரலைன்னா, மெனிஸ்கஸ் கிழிஞ்சு இடையில சிக்கியிருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

(காட்சி: முட்டியின் குறுக்குவெட்டு. உள்பக்கப் பட்டை பச்சை நிறத்தில், நடுவில் உள்ள நார் சிவப்பில்.)

ஏ.சி.எல்., எம்.சி.எல். ரெண்டுமே லிகமென்ட்தான். பச்சையில தெரியுறது எம்.சி.எல். மூட்டோட உள்பக்க ஓரத்துல இருக்கு. சுத்தி நல்ல ரத்த ஓட்டம். கிழிஞ்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு, அதுமேல புது நார் வளரும். பெரும்பாலும் பிரேஸ் போட்டு ஆறு வாரம் போனா தானா ஒட்டிடும். சிவப்புல இருக்கிற ஏ.சி.எல். மூட்டுக்கு நடுவுல, வழுவழுப்பான திரவத்துக்குள்ள இருக்கு. அங்க ரத்தக்கட்டி நிலைக்காம கரைஞ்சு போயிடும். பாலம் கட்டச் சாரமே இல்லாத மாதிரி, ரெண்டு முனையும் எட்டாமலே நின்னுடும்.

அதுக்காக எல்லாருக்கும் கத்தி வேண்டாம். ஸ்வீடன்ல 121 இளைஞர்களை வெச்சுச் செஞ்ச ஆய்வு 2010ல வெளியாச்சு. முதல்ல பிசியோதெரபி மட்டும் ஆரம்பிச்சவங்க 59 பேர். ரெண்டு வருஷத்துல அதுல 23 பேர்தான் ஆபரேஷனுக்குப் போனாங்க. நடக்கும்போதோ திரும்பும்போதோ முட்டி 'நழுவுது'ன்னா ஆபரேஷன் பக்கம் யோசிக்கலாம். ஆனா வீங்கின முட்டியில அவசரப்படக் கூடாது. வீக்கம் வடிஞ்சு, கால் முழுசா நீட்ட வரணும். இல்லைன்னா பின்னாடி முட்டி இறுகிப்போகும்.

(காட்சி: ஆபரேஷன் மேஜை ஓரம். ஈரத்துணி மேல் வெள்ளை நாடா போல ஒரு தசைநாண்.)

கிழிஞ்ச ஏ.சி.எல்.லைப் பெரும்பாலும் தைக்கிறதில்ல, புதுசா ஒண்ணு வைக்கிறாங்க. முட்டிக்குக் கீழ, உள்பக்கமா சுமார் 3 செ.மீ. கீறி, தொடை பின்பக்கத் தசையை எலும்போட கட்டுற நாணை உருவுவாங்க. அதை நாலா மடிச்சு, ஓரத்துல தச்சு, துளை போட்ட அளவுக்கட்டைக்குள்ள நுழைச்சுப் பார்ப்பாங்க. துளைகள் அரை மி.மீ. வித்தியாசத்துல இருக்கும். 8 மி.மீ. துளையில இறுக்கமா போனா சரி. அதைவிட மெலிசா இருந்தா மறுபடி அறுந்துபோற ஆபத்து கூடும். அதனால இன்னொரு மடிப்பு சேர்ப்பாங்க.

அப்புறம் தொடை எலும்பிலயும் கால் எலும்பிலயும் சுரங்கம் துளைச்சு, மடிச்சுத் தச்ச அந்த நாணை உள்ள இழுப்பாங்க. இதுக்குப் பேர்தான் கிராஃப்ட். மேல் முனையை 12 மி.மீ. நீளமுள்ள குட்டி டைட்டானியம் பட்டன் எலும்புக்கு வெளியில குறுக்கா படுத்துப் பிடிக்கும். கீழ் முனைக்கு ஒரு ஸ்க்ரூ. கைநுணுக்கம் தேவைப்படுறது சுரங்கத்தோட இடத்துலதான். தொடை எலும்புத் துளை கொஞ்சம் முன்னாடி தள்ளிப்போனா, மடக்கும்போதெல்லாம் கிராஃப்ட் இழுபடும். ஒண்ணு முட்டி முழுசா மடங்காது, இல்ல கிராஃப்ட் தளர்ந்துடும்.

(காட்சி: காலண்டர் தாள்கள் புரள்கின்றன. கிராஃப்டின் நிறம் மெல்ல வெளிறுகிறது.)

இப்போ முக்கியமான இடம். உள்ள வெச்சது இன்னும் லிகமென்ட் ஆகல. இடம் மாத்தின நாண்தான். ரத்த ஓட்டம் அறுந்ததால அதோட செல்கள் சாகும், புது ரத்தக்குழாய் உள்ள நுழையும், பழைய நார் கரைஞ்சு புது நார் உருவாகும். அதனால ஆபரேஷன் முடிஞ்சு ஆறுலேருந்து பன்னிரண்டு வாரத்துல கிராஃப்ட் ரொம்பப் பலவீனமா இருக்கும். அதே நேரத்துல வலி இருக்காது, ஊன்றுகோல் போயிருக்கும், மெட்ரோ படியில தடையில்லாம ஏறுவீங்க. "சரியாயிடுச்சு"ன்னு பசங்க கிரவுண்டுக்குப் போறது அப்பதான். வீட்டுலயும் இந்திய டாய்லெட்டும் சம்மணமும் பிசியோ சொல்ற வரைக்கும் வேண்டாம்.

ஆபரேஷன் முடிஞ்ச முதல் வாரத்துலேருந்து செய்ய வேண்டியது: குதிகாலுக்குக் கீழ சுருட்டின துண்டு வெச்சு முட்டியை முழுசா நீட்டுறது. பலர் முட்டிக்கு அடியில தலையணை வெச்சுப் படுப்பாங்க. சுகமாத்தான் இருக்கும், ஆனா கால் வளைஞ்சே நின்னுடும். கெண்டைச்சதை வீங்கி வலிச்சாலோ, காய்ச்சலோட முட்டி சிவந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

(காட்சி: தரையில் அளவு நாடா. ஒற்றைக் காலில் ஒருவர் தாவுகிறார்.)

ஆட்டத்துக்குத் திரும்ப குறைஞ்சது ஒன்பது மாசம். அப்பவும் ஒத்தைக் கால் தாவல்ல, தொடை பலத்துல, அடிபட்ட கால் நல்ல காலோட 90 சதவீதத்தையாவது தொடணும். இதுல ஒரு ஏமாத்து இருக்கு: ஒன்பது மாசம் ஓடாம இருந்ததுல நல்ல காலும் இளைச்சிருக்கும். அதனால நல்ல காலோட தாவல் தூரத்தையும் தொடை பலத்தையும் ஆபரேஷனுக்கு முன்னாடியே அளந்து எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க.