மலைச்சரிவில் மருமகள் வீடு

(மட்டக்களப்பு, கல்லடியில் ஓர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய்வந்தவர்கள் இந்தச் சபையிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வந்தவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? வீட்டில் எத்தனை அறை, என்ன கார், குளிர் எப்படி. அந்த வீடு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

என் அக்காவின் மகள், எனக்கு மருமகள், நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் இருக்கிறாள். குடும்பிமலையைத் தூரத்தில் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த ஊர் கொஞ்சம் தலைசுற்றும். கடல், அதையொட்டிக் கொஞ்சம் சமதரை, அப்புறம் நேரே மலை. கார் ரோட்டில் நிற்கும். வீடு அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கும். நடுவில் படிகள். படியேற அலுத்த சிலர் சொந்தமாகவே கேபிள் கார் வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் நிற்கக்கூடிய பெட்டி, சரிவில் தண்டவாளம், ரோட்டோரத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் இறங்கி வந்து நிற்கும். நகரத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. பொதுமக்களுக்கான கேபிள் கார் 1902இலிருந்து ஓடுகிறது. மருமகள் வீட்டில் அந்த வசதி இல்லை, அரிசிப் பையும் படியால்தான் ஏறுகிறது. முழங்கால் வருத்தக்காரர் டிக்கெட் போட முன்னம் எத்தனை படி என்று கேட்டு வையுங்கள். பிள்ளைகள் குறைத்துத்தான் சொல்வார்கள்.

நாம் வீடு பார்க்கப் போனால் வாசல் எந்தத் திசை, கிணறு எந்த மூலை என்று பார்ப்போம். அங்கே முதல் கேள்வி, வெயில் விழுமா என்பது. பூமியின் தென்பாதி ஆனபடியால் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். வடக்குப் பார்த்த சரிவென்றால் வீடு காயும், விலையும் ஏறும். தெற்குச் சரிவில் குளிர்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பக்கமிருந்துதான் தென்காற்றும் வரும். நம் கச்சான் காற்று உடம்பைச் சுடும். அந்தக் காற்று காதைக் கத்தரிக்கும்.

வீடு முழுக்கப் பலகை. “பலகை வீடா?” என்று அக்கா இங்கேயிருந்து போனில் இழுத்தாள். அது நிலநடுக்க நாடு. மரச்சட்டம் ஆடி வளைந்து கொடுக்கும், செங்கல் சுவர் உடைந்து ஆளின் மேல் விழும். நம் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். அங்கே எழுதிக் கொடுக்க அக்காவிடம் ஏது வீடு? ஆகவே புருசனும் பெண்சாதியும் சேர்ந்து வங்கியின் வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. அதற்குள் ‘எங்களைச் சுற்றிக்காட்டவில்லை’ என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிற பெரியவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ஒருநாள் மாலை ஐலண்ட் பே கடற்கரையிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். ரோட்டின் குறுக்கே அகலமான நீலக்கோடு ஒன்று. பக்கத்தில் எழுத்து: சுனாமிப் பாதுகாப்பு எல்லை. அதைத் தாண்டி மேலே போய்விட்டால் தண்ணீர் எட்டாது என்று கணக்குப் பார்த்துப் போட்ட கோடு. நான் அப்படியே நின்றுவிட்டேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் நாவலடியில் நின்றவன் நான். மருமகள் சொன்னாள்: “வீடு தேடேக்க நான் பார்த்த முதல் விசயம் இந்தக் கோடுதான் மாமா. இதுக்குக் கீழ இருந்த எந்த வீட்டையும் நான் உள்ள போயும் பார்க்கல.” படிகளுக்கும், அவ்வளவு பெரிய கடனுக்கும் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிடம். நியூசிலாந்தின் தென்தீவில், கைக்கோராவில் 7.8 அளவில் நிலம் ஆடியது, வெலிங்டனும் ஆடியது. கீழே இருந்தவர்கள் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவள் தெருவுக்கு வந்து நிறைந்துவிட்டார்கள். அங்கே படிப்பித்திருப்பது இதுதான்: ஆட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நிற்க முடியாதபடி ஆடினாலோ, அறிவித்தலுக்குக் காத்திராதே, மேட்டுக்குப் போ. நமக்கு அந்த எச்சரிக்கை போதாது. 2004இல் சுமத்திராவில் ஆடியதை இங்கே அநேகம் பேர் உணரவேயில்லை, இரண்டு மணித்தியாலத்துக்குள் கடல் வந்துவிட்டது. ஓடி ஏற மலையும் இல்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நமக்குக் கல்லடிப் பாலம்தான் வழி. அந்த நேரத்தில் எல்லாரும் ஒரே பாலத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று இளைஞர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். என்னிடம் விடை இல்லை.

வெலிங்டனில் கோயிலும் மேட்டில்தான். நியூலண்ட்ஸ் பகுதியில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. மலையில் முருகன் இருப்பதில் என்ன புதினம்? மண்டூரிலும் திருக்கோவிலிலும் அவரைச் சமதரையில் இருத்தியது நாம்தானே!

சரி, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். போகப்போகிறவர்களுக்கு ஒரு விசயம். தேன் போத்தல் கொண்டுபோகாதீர்கள், விடமாட்டார்கள். தயிர்ச் சட்டியை நினைக்கவே வேண்டாம். கருவாடோ மிளகாய்த்தூளோ, சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் இருக்கிறது என்று படிவத்தில் எழுதுங்கள். எழுதிய பொருளை எடுத்தாலும் தண்டம் இல்லை. மறைத்துப் பிடிபட்டால் 400 டொலர், அந்த இடத்திலேயே. என் கருவாட்டைத் திறந்து பார்த்த பெண் அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு இறுக்கிக் கட்டித் தந்தார். “கவனமாகக் கொண்டுபோங்கள், பையில் மணம் பிடிக்கும்” என்றும் சொன்னார்.