கப்பலில் பினாங்கு போகிறீர்களா? சுற்றுலாவுக்குக் காசு கட்டும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

[திரையில்: ஜார்ஜ் டவுன் வரைபடம். சுவெட்டன்ஹாம் துறையின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி.]

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவுக் கப்பல் பயணம் போகிற நம்மவர்கள் பலருக்கும் பினாங்கு ஒரு நிறுத்தமாக வரும். கப்பல் டிக்கெட் போட்ட கையோடு, கப்பல் நிறுவனத்தின் செயலியில் ஒரு பட்டியல் வந்து நிற்கும். நகரச் சுற்றுலா, பினாங்கு மலை, கோவில்கள், உணவுச் சுற்றுலா என்று வரிசையாக இருக்கும். விலை எல்லாம் தலைக்கு இத்தனை டாலர். இப்போதே வாங்கினால் தள்ளுபடி என்றும் போட்டிருக்கும். ஊர் தெரியாது, மொழி தெரியாது, கப்பலைத் தவறவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பலர் வாங்கிவிடுகிறார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கப்பல் எந்தத் துறையில் கட்டப்போகிறது, நீங்கள் பார்க்க நினைக்கும் ஊர் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். கரைச் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் போகிறது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் கடக்க வேண்டிய தூரமே இல்லை.

[காட்சி: துறையின் வெளிவாசல். எதிரே மணிக்கூண்டு.]

பினாங்கில் கப்பல் கட்டும் சுவெட்டன்ஹாம் துறையின் வாசலைத் தாண்டினால் எதிரே ஒரு வெள்ளை மணிக்கூண்டு நிற்கும். விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததற்காக சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் உயரம் 60 அடி. அதற்கு அடுத்தது கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய கரை இதுதான். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பழைய நகரம் இந்த இடத்திலிருந்தே ஆரம்பித்துவிடுகிறது. இங்கே பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், நடந்தே பார்க்க வேண்டியதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பீர்கள்.

இதே கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே பயணிகள் கப்பல் நிற்கும் இடம் இன்டா தீவில் இருக்கிறது. ரயில் நிலையம் பக்கத்தில் இல்லை. கோலாலம்பூர் போகச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். அந்த ஊரில் கப்பல் சுற்றுலாவை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. தூரம் கூடக் கூட அந்த உத்தரவாதத்தின் மதிப்பும் கூடும். துறையிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும்போது அந்த உத்தரவாதத்துக்கு ஏன் அவ்வளவு கொடுக்க வேண்டும்?

[திரையில்: ஒரு மாதிரிச் சுற்றுலா விவரம். 'புகைப்பட நிறுத்தம்' என்ற சொல் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

சரி, செயலியில் இருக்கும் விவரத்தை எப்படிப் படிப்பது? படத்தையும் தலைப்பையும் விடுங்கள். எங்கே உள்ளே அழைத்துப் போகிறார்கள், எங்கே வெளியே நிறுத்துகிறார்கள் என்று தேடுங்கள். 'புகைப்பட நிறுத்தம்' என்று இருந்தால் வெளியே இறங்கி ஒரு படம் எடுத்துவிட்டு ஏறுவது. 'வழியில் காணலாம்' என்றால் இறங்கவே மாட்டீர்கள். 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்ற சொல் எந்த இடத்துக்கு எதிரே இருக்கிறதோ, அந்த இடம்தான் உங்கள் காசுக்குக் கிடைப்பது. நான்கு மணி நேரச் சுற்றுலா என்றால் கப்பலில் கூடி நிற்பது, ஒட்டுவில்லை வாங்குவது, பேருந்தில் ஏற்றுவது, ஆள் எண்ணுவது எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். கடையில் ஒரு நிறுத்தமும் இருக்கும்.

அப்புறம், குடும்பமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கப்பல் சுற்றுலாவின் விலை தலைக்கு. காரின் விலை வண்டிக்கு. ஒரு பேச்சுக்கு, தலைக்கு 60 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 240 டாலர். மலேசியப் பணத்தில் பல நூறு ரிங்கிட். கிராப் செயலியில் கார் பிடித்துத் துறையிலிருந்து கெக் லோக் சி கோவிலுக்குப் போனால், நான்கு பேருக்கும் சேர்த்தே சில பத்து ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். தனி ஆளாகப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நான்கு பேர் குடும்பத்துக்கு இது ஒரு நல்ல தொகை.

கிராப்பை ஊரிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் குறுஞ்செய்தி நம் ஊர் எண்ணுக்குத்தான் வரும், வெளிநாட்டில் அந்த எண் வேலை செய்யாவிட்டால் துறை வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். கப்பலின் வைஃபை கரையில் எடுக்காது. ஒரு இ-சிம் போட்டுக்கொண்டால் வரைபடத்துக்கும் உதவும்.

[காட்சி: கால்நடையாக நகரும் கேமரா. ஐந்தடி நடைபாதை, கடைவீடுகள்.]

இப்போது நடை. துறையில் கிளம்பித் திரும்பித் துறைக்கே வரும் ஒரு வட்டம் இது. மொத்தம் மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் வெயில் கடுமை, ஈரப்பதம் அதைவிடக் கடுமை. தண்ணீர் பாட்டிலும் குடையும் கட்டாயம்.

கோட்டையை வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. உள்ளே கட்டணம் உண்டு, நேரமும் போகும். அங்கிருந்து புனித ஜார்ஜ் தேவாலயம். 1818இல் கட்டி முடித்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம். பக்கத்தில் கொஞ்சம் நடந்தால் சீனர்களின் கருணைத் தெய்வக் கோவில், ஊதுபத்திப் புகை சாலை வரை வரும். அதற்கு அடுத்து குயின் தெருவில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோவில். 1833இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவில். இன்னும் கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொஹிதீன் 1801இல் தொடங்கியது. தேவாலயம், சீனக் கோவில், அம்மன் கோவில், பள்ளிவாசல் நான்கும் ஒரே நடையில் வந்துவிடுகின்றன. இவற்றைப் பார்க்கக் கட்டணமும் கிடையாது. பள்ளிவாசலில் மேலங்கி கொடுப்பார்கள், தொழுகை நேரத்தில் மட்டும் உள்ளே விடமாட்டார்கள். அம்மன் கோவில் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள், இல்லையென்றால் மாலையில்.

இந்தக் கோவிலைச் சுற்றித்தான் லிட்டில் இந்தியா. தமிழிலேயே விலை கேட்கலாம், வழி கேட்கலாம். கையில் ரிங்கிட் இல்லை என்றால் பணம் மாற்றும் கடைகளும் இங்கேயே வரிசையாக உண்டு. சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரில் 1800களின் தொடக்கத்தில் கட்டிய சின்னக் கட்டடம். நாகையிலிருந்தும் நாகூரிலிருந்தும் கடல் கடந்து வந்த வணிகர்கள் இறங்கியதும் தேடிய இடம் அது. பெரிய பேருந்து அதன் முன்னால் நிற்க வசதி இல்லை. தமிழர்கள் இந்த ஊரில் பார்க்க வேண்டிய முதல் இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

[காட்சி: கூ கொங்சியின் கூரை, மிக அருகில்.]

நடந்து மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதியை ஓர் இடத்தில் தாராளமாகச் செலவழியுங்கள்: கூ கொங்சி. கூ என்ற குடும்பப் பெயர் கொண்ட சீன வம்சத்தாரின் குல மண்டபம். முந்தைய கட்டடம் 1901இல் தீப்பிடித்து எரிந்தது, இப்போது நிற்பது 1906இல் முடித்தது. உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து கூரை முகட்டைப் பாருங்கள். அங்கே நிற்கும் மனிதர்கள், டிராகன்கள், பூக்கள் எல்லாம் வண்ணப் பீங்கான் கிண்ணங்களை வெட்டி, துண்டு துண்டாக ஒட்டிச் செய்தவை. ஒரு பறவையின் இறகு ஒவ்வொன்றும் ஒரு கிண்ணத்தின் வளைவு. கீழிருந்து பார்த்தால் அந்த வளைவில் வெயில் பட்டு மின்னும். இதை அவசரமாகப் பார்க்கக் கூடாது, அரை மணி நேரமாவது கொடுங்கள். மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். உங்கள் கப்பல் பிற்பகலில் வந்து சேரும் கப்பல் என்றால், நேரே இங்கே வந்துவிட்டு மற்றதை அப்புறம் பாருங்கள்.

பக்கத்து ஆர்மேனியன் தெருவில் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த சுவரோவியம் இருக்கிறது. நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து, அதில் இரண்டு குழந்தைகள் போவது போல் வரைந்திருப்பார். படம் எடுக்க வரிசை நிற்கும்.

திரும்பும் வழியில் கடலோரமாக சியூ படகுத்துறை. தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் வீடுகள், நடுவே பலகைப் பாதை. கட்டணம் இல்லை. ஆனால் அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள், சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். கால் வலித்தால், பழைய நகரத்துக்குள் ஓடும் இலவசச் சிற்றுந்து ஒன்று உண்டு. ரிக்‌ஷாவில் ஏறுவதானால் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்: விலை வண்டிக்கா தலைக்கா, மணிக்கா நடைக்கா.

[காட்சி: நாசி கண்டார் கடை. தட்டில் குழம்பு ஊற்றுவது அருகில்.]

சாப்பாடு. கப்பலில் சாப்பாடு இலவசம்தானே என்று மதியம் கப்பலுக்கே திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. இது நாசி கண்டார் ஊர். தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி வைத்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் வந்த சாப்பாடு. இன்றைக்குக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பாத்திரம் இருக்கும். சோற்றின் மேல் ஒரு குழம்போடு நிறுத்தமாட்டார், கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கணவாய்க் குழம்பு என்று கரண்டி மாற்றி மாற்றி ஊற்றுவார். எல்லாம் கலந்த பிறகுதான் அந்த ருசி. வெண்டைக்காயும் அவித்த முட்டையும் கேளுங்கள். விலை நீங்கள் கைகாட்டுவதைப் பொறுத்தது. பெரிய இறால், மீன் சினை, மீன் தலை இவற்றைத் தொடும் முன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். தமிழில் கேட்டாலும் பெரும்பாலும் புரியும்.

[திரையில்: வரைபடம் விரிகிறது. ஆயிர் ஈத்தாம், பினாங்கு மலை, தண்ணீர்மலை.]

தூரத்து இடங்கள் மூன்று. கெக் லோக் சி பௌத்தக் கோவில், கருணைத் தெய்வமான குவான் யின்னுக்கு 30 மீட்டர் உயர வெண்கலச் சிலை உள்ள இடம். தண்ணீர்மலை முருகன் கோவில், 500க்கும் மேற்பட்ட படிகள். இரண்டுக்கும் காரில் தனியாகவே போய்வரலாம். ஆறு மணி நேரம் கையில் இருந்தால் நடையோடு இவற்றில் ஒன்றைச் சேர்க்கலாம், இரண்டையும் சேர்க்காதீர்கள். மாலையில் கெக் லோக் சி போகும் ஆயிர் ஈத்தாம் சாலையில் நெரிசல் அதிகம்.

மூன்றாவது பினாங்கு மலை. 1923இலிருந்து ஓடும் மலை ரயில் பாதை. இங்கே மட்டும் கப்பல் சுற்றுலாவை யோசித்துப் பார்க்கச் சொல்வேன். விடுமுறை நாட்களில் ஏறுவதற்கும் வரிசை, இறங்குவதற்கும் வரிசை. மேலே மாட்டிக்கொண்டால் கப்பல் நேரம் தவறும். நேரம் குறைவான நாளில் மலையே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

முட்டிவலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு என் யோசனை வேறு. கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடி நடைபாதையில் அடிக்கடி படி ஏறி இறங்க வேண்டும், பல இடங்களில் மோட்டார் சைக்கிள் நிற்கும், சாலையில் இறங்கித்தான் நடக்க முடியும். அவர்களுக்கு ஒரு வேனை நான்கு மணி நேரத்துக்கு முழுதாகப் பேசுவது நல்லது. துறை வாசலிலேயே ஓட்டுநர்கள் நிற்பார்கள். எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், மொத்தம் எவ்வளவு என்பதை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பணத்தைத் துறைக்குத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள்.

[திரையில்: கடிகாரம்.]

நேரம். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதை மட்டும் மனதில் வையுங்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே துறை வாசலில் இருங்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். அடுத்த நிறுத்தம் புக்கெட் என்றால் அங்கே ஒரு மணி நேரம் பின்னால், போன் தானாக மாறிவிடும், கப்பல் நேரம் மாறாமலும் இருக்கலாம். கப்பலில் அன்றைக்கு அறிவிக்கும் நேரம்தான் கணக்கு. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், திரும்பவும் சிங்கப்பூருக்குள் வர வேண்டும் என்பதால் பலமுறை நுழையும் விசாதானா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ரத்து. வானிலையாலோ வேறு காரணத்தாலோ கப்பல் பினாங்கில் நிற்காமல் போகலாம். கப்பலில் வாங்கிய சுற்றுலாவின் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடும். வெளியே இணையத்தில் முன்பதிவு செய்தது அப்படித் தானாகத் திரும்பாது. ஆகவே வெளியே எதையாவது முன்பதிவு செய்வதாக இருந்தால், கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் தருவோம் என்று எழுத்தில் சொல்கிறவரிடம் மட்டும் செய்யுங்கள். நடைக்கும் நாசி கண்டாருக்கும் முன்பதிவே தேவையில்லை.