நகத்தில் இருந்தது யாருடைய டிஎன்ஏ?

எல்லாருக்கும் வணக்கம். டிஎன்ஏ என்றதும் குற்றவாளியைப் பிடிக்கிற கருவி என்றுதான் தோன்றும். ஆனால் கொலை வழக்கு ஒன்றில் அது முதன்முதலில் செய்த வேலை ஒரு பையனை விடுவித்ததுதான். 1986, இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம், இரண்டு சிறுமிகள் கொலையான வழக்கு. அதில் ஒரு கொலையை நான்தான் செய்தேன் என்று 17 வயதுப் பையன் போலீசிடம் ஒப்புக்கொண்டுவிட்டான். டிஎன்ஏவை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்த விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸ் சோதித்துப் பார்த்தால், இரண்டு தடயமும் ஒரே ஆளுடையது, அந்த ஆள் இவன் இல்லை!

ஆகவே நான் டிஎன்ஏவுக்கு எதிரி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சண்டை அந்த அறிக்கையை நாம் வாசிக்கிற விதத்தோடுதான். 'பொருந்துகிறது' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அப்புறம் யாரும் வாயைத் திறப்பதில்லை.

2012இல் கலிஃபோர்னியாவில் ஒருவரை வீடு புகுந்து கொன்றுவிட்டார்கள். இறந்தவரின் நகத்தில் இன்னொருவரின் டிஎன்ஏ. பழைய வழக்கு ஒன்றால் அவருடைய விவரம் ஏற்கெனவே தரவுத்தளத்தில் இருந்தது, தட்டியதும் பெயர் வந்தது, கொலைக் குற்றம் சாட்டி மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். அவரோ அன்றிரவு போதை தலைக்கேறி மருத்துவமனையில் கிடந்தவர், பதிவேடே இருக்கிறது. பிறகு எப்படி? அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோன அதே ஊழியர்கள்தான் சில மணி நேரம் கழித்து அந்தக் கொலை வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப் இருக்கிறதே, அதன் வழியாகத்தான் ஒட்டியிருக்கும் என்று கருதப்பட்டது.

சோதனைக்கூடம் தப்பே செய்யவில்லை, கவனியுங்கள். நகத்தில் இருந்த டிஎன்ஏ அவருடையதுதான். அது அங்கே எப்படி வந்தது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. மருத்துவமனைக்குப் பதில் அவர் ஏதாவது திண்ணையில் தூங்கியிருந்தால்?

'தப்பு செய்யாதவன் ஏன் பயப்படணும், எல்லார் டிஎன்ஏவையும் எடுத்து வைக்கட்டுமே' என்பவர்களுக்கு இன்னொரு பையனைக் காட்டுகிறேன். அதே இங்கிலாந்து, 2001. கொள்ளை முயற்சி என்று கைதானபோது அவனுக்கு 11 வயது. சில மாதத்தில் விடுதலை. கைதானபோது எடுத்த டிஎன்ஏ மாதிரியை அழியுங்கள் என்று கேட்டால் போலீஸ் மாட்டேன் என்றது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய், 2008இல் 17 நீதிபதிகளும் ஒருமனதாக, குற்றம் நிரூபணமாகாதவர்களின் மாதிரியைக் காலவரம்பில்லாமல் வைத்திருப்பது தனியுரிமை மீறல் என்றார்கள். அதற்குள் பையனுக்கு மீசை முளைத்திருக்கும்.

விடுதலையானால் மாதிரி தானாக அழிய வேண்டும், மனு போட்டு அலையவிடக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான். சரி, மைக்கைக் கீழே கொடுக்கிறேன், கேளுங்கள்.