பிரிஸ்பேன் லயன்ஸ் எழுந்த விதம்: டிராஃப்ட்டும் அதற்குப் பிறகும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏஎஃப்எல் என்னும் ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில், 2013 சீசன் முடிந்த கையோடு பிரிஸ்பேன் லயன்ஸ் கிளப்பிலிருந்து ஐந்து இளம் வீரர்கள் ஒரே மூச்சில் வெளியேறினார்கள். சாம் டாக்கர்ட்டி கார்ல்டனுக்குப் போனார். எலியட் யோ வெஸ்ட் கோஸ்டுக்கு, ஜாரட் போலெக் போர்ட் அடிலெய்டுக்கு, பில்லி லாங்கர் செயின்ட் கில்டாவுக்கு, பேட்ரிக் கார்னேசிஸ் காலிங்வுட்டுக்கு. ஐந்து பேரும் டிராஃப்ட்டில், அதாவது கிளப்புகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த பிள்ளைகள். போலெக் 5ஆவது பிக் (ஐந்தாவதாகத் தேர்வானவர்), லாங்கர் 8ஆவது, டாக்கர்ட்டி 12ஆவது. ஆள் தேர்வில் கிளப் பெரிதாகத் தவறியதாகச் சொல்ல முடியாது. 2017இல் டாக்கர்ட்டியும் யோவும் சீசனின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம்பிடித்தார்கள். 2018இல் யோ பிரீமியர்ஷிப், அதாவது சாம்பியன் பட்டத்துக்கான பதக்கமே வாங்கிவிட்டார். எல்லாம் வேறு கிளப்பின் ஜெர்சியில்.

அணி அடிமட்டத்தில் கிடக்கும்போது, "பரவாயில்லை, டிராஃப்ட்டில் நல்ல பிக் கிடைக்கும்" என்று ரசிகர்கள் தேற்றிக்கொள்வது வழக்கம். பிக் கிடைக்கும், அது உண்மைதான். ஆனால் அந்தப் பையன் 24 வயதில் எந்த ஊரில் ஆடிக்கொண்டிருப்பான் என்பதில்தான் மறுகட்டமைப்பின் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது. இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்கள் அதைக் கொஞ்சம் மறந்துவிட வேண்டும். இங்கே பணத்தைக் கூட்டிக் கேட்டு ஆளை வாங்க முடியாது. அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 18 வயது நிறைகிற பையன் டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுக்கிறான். 18 கிளப்புகளில் கடைசி இடத்தில் வந்த கிளப் முதலில் எடுக்கிறது, முதலிடம் வந்த கிளப் கடைசியில். எடுத்த கிளப்புக்குத்தான் அவன் போயாக வேண்டும். மெல்பர்ன் பையனாக இருந்தாலும் பெர்த்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். டிராஃப்ட் 1986இல் வந்தது. சம்பள உச்சவரம்பான சேலரி கேப் அடுத்த ஆண்டு வந்தது. பணக்கார கிளப்பே எப்போதும் ஜெயிக்கக் கூடாது என்பதுதான் இரண்டுக்கும் நோக்கம்.

முதல் ஒப்பந்தம் நெடுங்காலமாக இரண்டே ஆண்டு. பிரிஸ்பேனின் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. திறமைசாலிப் பையன்களில் பெரும்பாலோர் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வளர்கிறவர்கள். 18 வயதில் வீட்டைவிட்டுப் போகிறான், அணியோ வாராவாரம் தோற்கிறது. இரண்டாவது ஆண்டு நடுவிலேயே அவனுடைய ஏஜென்டுக்கு மெல்பர்னிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கிவிடும். ஒப்பந்தம் முடியும் பையன் குறிப்பிட்ட கிளப்புக்குத்தான் போவேன் என்று நின்றால், கையில் வைத்திருக்கும் கிளப்புக்குப் பேரம் பேச இடமே இல்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இப்படி ஐந்து பேர் போனால் அந்த வயது வரிசையே காலியாகிவிடும். பிரிஸ்பேனுக்கு 2015இல் 17ஆவது இடம், 2016இல் மறுபடி 17, 2017இல் 18. இடையில் 2015 டிராஃப்ட்டின் 2ஆவது பிக்கில் எடுத்த ஜோஷ் ஷாக்கியும் இரண்டே சீசனில் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் போய்விட்டார்.

பிறகு மாறியது என்ன?

2016 டிராஃப்ட்டில் 3ஆவது பிக்கில் ஹ்யூ மெக்ளக்கேஜ், 17ஆவது பிக்கில் ஜாரட் பெர்ரி. இருவரும் நார்த் பாலரட் ரெபல்ஸ் என்ற ஒரே ஜூனியர் அணியில் சேர்ந்து ஆடியவர்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்து லாக்கரில் இருந்தால் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது எளிது. கோல்ட் கோஸ்ட்டும் 2019இல் இதைத்தான் செய்தது. முதல் பிக்கில் மாட் ரோவல், இரண்டாவதில் நோவா ஆண்டர்சன். பள்ளித் தோழர்கள். அதற்கு முன் டாம் லிஞ்ச், டியான் பிரெஸ்டியா, ஜேகர் ஓமீரா, ஸ்டீவன் மே என்று வரிசையாக ஆளை இழந்த கிளப் அது. இந்த இருவரும் தங்கினார்கள். 2025இல் கிளப் முதல் தடவையாக சீசனின் இறுதிச் சுற்றுகளான ஃபைனல்ஸுக்குள் நுழைந்தது, அதே ஆண்டு ரோவல் சீசனின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றார்.

இரண்டாவது மாற்றம் பெரியவர்கள். 2017இல் கிறிஸ் ஃபேகன் பயிற்சியாளராக வந்தார். 2018க்கு லூக் ஹாஜைக் கொண்டுவந்தார்கள். ஹாத்தார்ன் அணியில் நான்கு பிரீமியர்ஷிப் பார்த்தவர், 33 வயது, ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டவர். பின்களத்தில் நின்று யார் எங்கே நகர வேண்டும் என்று ஆட்டம் முழுவதும் கத்துவதுதான் அவருக்கு முக்கிய வேலை. ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் போன்ற இளம் டிஃபெண்டருக்கு அது திங்கட்கிழமை வீடியோ வகுப்பைவிடப் பயன்படும். தவறு நடக்கும் அந்த நொடியிலேயே திருத்தம் கிடைக்கிறது அல்லவா? 61ஆவது பிக்கில், கிளப்பின் சொந்த அகாடமி வழியாக வந்த அந்த ஆண்ட்ரூஸ்தான் பிறகு லாக்கி நீலுடன் இணைந்து அணித் தலைவரானார்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் மெல்பர்ன் டீமன்ஸ். அப்போதைய விதிப்படி, இரண்டு ஆண்டு தொடர்ந்து நான்கு அல்லது அதற்கும் குறைவான வெற்றியோடு முடித்தால், முதல் சுற்றுக்கு முன்னாலேயே ஒரு கூடுதல் பிக் உண்டு. டீமன்ஸுக்கு 2008இல் மூன்று வெற்றி, 2009இல் நான்கு. முதல் இரண்டு பிக்கும் கைக்கு வந்தன. டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ். வேண்டுமென்றே தோற்றார்களா என்று விசாரணை நடந்தது. வேண்டுமென்றே தோற்றது நிரூபணமாகவில்லை என்றாலும் 2013இல் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அது ஒருபுறம் இருக்கட்டும். 2010 முடிவில் அணித் தலைவர் ஜேம்ஸ் மெக்டொனால்டை அனுப்பிவிட்டார்கள். இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்று காரணம் சொல்லலாம். ஆனால் தோற்கும் நாளில் உடை மாற்றும் அறையில் பேசத் தெரிந்த ஆள் குறைந்துபோனார். 2011 ஜூலையில் ஜீலாங்கிடம் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். அந்தச் சீசனோடு ஸ்கல்லி புதிய கிளப்பான ஜிடபிள்யூஎஸ் ஜயன்ட்ஸுக்குப் போனார். 2012இல் 20 வயது டிரெங்கோவைக் கூட்டு அணித் தலைவராக்கினார்கள். அந்த வயதில் சுமக்கக்கூடிய பாரமா அது? பின்னாளில் அவருடைய பாதத்தில் நவிகுலர் எலும்பு விரிசல் கண்டு, ஆட்ட வாழ்க்கையே தடம் மாறிப்போனது.

அதே 2009 டிராஃப்ட்டில் டீமன்ஸ் 34ஆவது பிக்கில் ஒரு நெட்டையனை எடுத்தது. மேக்ஸ் கான். முழங்காலில் அறுவை சிகிச்சை, நீண்ட காத்திருப்பு, 2016இல்தான் முதல் ஆல் ஆஸ்திரேலியன். 2021இல், 57 ஆண்டுக்குப் பிறகு வந்த பிரீமியர்ஷிப் கோப்பையை அணித் தலைவராகத் தூக்கியவர் அவர்தான். முதல் இரண்டு பிக்கும் அன்று களத்தில் இல்லை.

கான் போன்ற ரக்மேன்கள், அதாவது மேலே எழும் பந்தைத் தட்டித் தன் அணிக்குக் கொடுக்கும் நெட்டையர்கள், விஷயத்தில் இது விதிவிலக்கே அல்ல. மிட்ஃபீல்டர் ஒருவன் முதல் ஆண்டிலேயே ஓரளவு தாக்குப்பிடிப்பான். உயரமான ஃபார்வர்டுக்கும் டிஃபெண்டருக்கும் நான்கைந்து ஆண்டு ஆகும், ரக்மேனுக்கு அதற்கும் மேல். 75 கிலோ பையனை 100 கிலோ ஆளோடு மோத விட்டால் தோள்தான் போகும். ஆகவே விவரமான கிளப், உயரமானவர்களை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, மிட்ஃபீல்டர்களை இரண்டு மூன்று டிராஃப்ட் தள்ளி எடுக்கப் பார்க்கும். அப்போதுதான் எல்லாரும் ஒரே சமயத்தில் முதிர்வார்கள்.

இதைக் கணக்கிட, கிளப்பின் வீரர் பட்டியலைக் கவனிக்கும் லிஸ்ட் மேனேஜரிடம் ஒரு பெரிய கட்டம் இருக்கும். மேலிருந்து கீழாக வயது, 18 முதல் 34 வரை. இடமிருந்து வலமாகப் பின்களம், நடுக்களம், ரக், முன்களம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டும். 44 பேர் வரை கொண்ட பட்டியல் ஒரே தாளில் அடங்கிவிடும். 23 முதல் 27 வரையான வரிசைகள் வெறுமையாக இருந்தால் அந்தக் கிளப்புக்கு இன்னும் மூன்று சீசனுக்கு ஃபைனல்ஸ் இல்லை என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரே ஆண்டில் ஐந்தாறு நல்ல பையன்களின் ஒப்பந்தம் முடிவதாக இருந்தால் அது அதைவிட ஆபத்து. சம்பளம் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் ஏறும், கேப்புக்குள் அடங்காது.

இளம் அணிக்குப் பணத்தில் ஒரு வசதியும் உண்டு. சேலரி கேப்பில் குறைந்தது 95 விழுக்காட்டைச் செலவழித்தே ஆக வேண்டும் என்பது விதி. பையன்களுக்கு அவ்வளவு சம்பளம் இல்லை, பணம் மிஞ்சும். அதை என்ன செய்வது? தங்க வேண்டிய முக்கிய வீரரின் நீண்ட ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுக்கே அதிகப் பங்கைக் கொடுத்துவிடுவார்கள். பையன்கள் வளர்ந்து சம்பளம் கேட்கும் ஆண்டில் அவருடைய சுமை குறைந்திருக்கும். இதைச் செய்யாமல், செலவு காட்டவேண்டுமே என்று நடுத்தர வீரரை வெளியிலிருந்து பெரும் விலைக்குக் கொண்டுவருகிற கிளப்புகளும் இருக்கின்றன. நான்கு ஆண்டு கழித்து அந்த ஒப்பந்தம் கழுத்தைப் பிடிக்கும்.

அடுத்தது பிக்குகளின் விலை. எழுதிக்கொள்ள வசதி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 2015இல் ஏஎஃப்எல் ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி மதிப்பு வைத்தது. முதல் பிக் 3000, இரண்டாவது 2517, பத்தாவது 1395, பதினெட்டாவது 985. மேலே இரண்டு பிக்குகளுக்கு நடுவில் 483 புள்ளி இடைவெளி. கீழே 17க்கும் 18க்கும் நடுவில் 40தான். நிச்சயமான ஒருவர் முன்வரிசையில் இருந்தால் அந்த இடத்தை விடக் கூடாது, இல்லாவிட்டால் கொஞ்சம் இறங்கி இரண்டு பிக்காக மாற்றிக்கொள்வது லாபம்.

இந்தப் புள்ளிகள் உண்மையில் வேலை செய்வது தந்தை–மகன் விதியில். தந்தை ஒரு கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால், மகனை எடுக்க அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை. மார்கஸ் ஆஷ்கிராஃப்ட் பிரிஸ்பேனின் 2001, 2002, 2003 பிரீமியர்ஷிப் அணிகளில் ஆடியவர். மகன் வில் 2022 டிராஃப்ட்டுக்கு வந்தார். டிராஃப்ட் இரவில் 2ஆவது பிக்கில் நார்த் மெல்பர்ன் அவர் பெயரைச் சொன்னது. பிரிஸ்பேனுக்குச் சில நிமிட அவகாசம், அந்த விலையைக் கட்டுவீர்களா என்று கேள்வி. 2517 புள்ளியில் அன்றைய விதிப்படி 20 விழுக்காடு கழிவு. ஏறக்குறைய 2014 புள்ளி கட்ட வேண்டும். பிரிஸ்பேன் முன்பே தன் நல்ல பிக்கை விற்று, நடுவாந்திர பிக்குகளாகச் சேர்த்து வைத்திருந்தது. அவை ஒவ்வொன்றாகக் கழிந்தன, பையன் வந்துவிட்டான். அதே இரவில் 12ஆவது பிக் விலையில் ஜாஸ்பா ஃபிளெட்சரும் வந்தார், அவரும் தந்தை–மகன் வழியில். வில் ஆஷ்கிராஃப்ட் 2024, 2025 இரண்டு கிராண்ட் ஃபைனலிலும் ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வென்றார். நல்ல நிலையில் இருக்கும் கிளப்புக்கு இப்படி அள்ளிக்கொடுப்பது நியாயமா என்ற முணுமுணுப்பு கிளம்பியது. 2025 முதல் கழிவு 10 விழுக்காடாகக் குறைந்தது, புள்ளி அட்டவணையும் மாறியது. என்னைக் கேட்டால் இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து ஆள் வாங்குவது எப்போது? இதில் அவசரப்பட்டுக் கெட்டவர்கள் அதிகம். பிரிஸ்பேன் 2017 முடிவில் சார்லி கேமரனை அடிலெய்டிலிருந்தும், 2018 முடிவில் லாக்கி நீலை ஃப்ரிமேன்டிலிலிருந்தும் வாங்கியது. 2018இல் அணிக்கு ஐந்தே வெற்றி, 15ஆவது இடம். ஆனால் நூலிழையில் தோற்ற ஆட்டங்கள் நிறைய. மெக்ளக்கேஜ், பெர்ரி போன்றவர்கள் 50 ஆட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். 50 ஆட்டம் என்பது, ஒரு பையன் முதிர்ந்துவிட்டான் என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் வாய்வழக்காகச் சொல்லும் எல்லை. அந்த நேரத்தில் நீல் வந்து நடுக்களத்தில் முட்டிமோதும் வேலையை ஏற்றுக்கொண்டதும், பையன்களுக்கு வெளிப்பக்கம் ஓடி ஆடச் சுதந்திரம் கிடைத்தது. 2019இல் அணி 16 வெற்றியோடு இரண்டாம் இடம். அதற்குப் பிறகும் கோப்பை உடனே வரவில்லை. 2023 கிராண்ட் ஃபைனலில் காலிங்வுட்டிடம் நான்கே புள்ளியில் தோற்று, 2024இல் சிட்னியை 60 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். 2025இல் ஜீலாங்கையும் வென்று மறுபடி சாம்பியன்.

இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கிளப்புகளுக்குக் காலம் நெருக்கடியானது. 2028இல் டாஸ்மேனியா 19ஆவது அணியாக வருகிறது. புதிய கிளப்புக்கு டிராஃப்ட்டில் சலுகை உண்டு. ஜிடபிள்யூஎஸ் வந்தபோது 2011 டிராஃப்ட்டின் முதல் ஐந்து பிக்குகளும் அதற்கே போயின. மற்ற கிளப்புகள் ஆறாவது பிக் வரும் வரை காத்திருந்தன. வெஸ்ட் கோஸ்ட், நார்த் மெல்பர்ன், ரிச்மண்ட் ரசிகர்கள் யாரும் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் கிளப் அடுத்த டிராஃப்ட்டில் யாரை எடுக்கும் என்று பார்ப்பதைவிட, ஏற்கெனவே எடுத்த பையன்களில் எத்தனை பேர் 2029, 2030 வரை கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தச் செய்தி ஒப்பந்த நீட்டிப்பு என்று இரண்டே வரியில் வரும், தலைப்பில்கூட வராது.

நன்றி, வணக்கம்.